கெட்டியாகப் பிடி

ஆழ்கடலில் எறிந்துவிட்டார் என்றார் எர்லெண்டுர்,
நம் பாவங்களை எல்லாம்,
இனி ஒருவரும் எடுக்க முடியாத ஆழத்தில்.
கூடத்தில் எல்லோரும் தலையசைத்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஃபாரோ தீவில் பிறந்துவிட்டுக்
கடலைப் பற்றி இப்படியும் பேச முடிகிறதே.

முப்பத்தோரு வருடம் இழுவலை இழுத்தவன் நான்.
இருநூறு பாகம் ஆழத்திலிருந்து
மேலே வந்தவற்றைச் சொல்லட்டுமா?
ஒரு தையல் இயந்திரம்.
போர்க்கால விமானத்தின் சக்கரம்.
தங்கப்பல் கட்டிய தாடையெலும்பு,
யாருடையது என்று எவரும் கேட்கவில்லை.
ஒருமுறை, போன பருவத்தில் நாங்களே தொலைத்த வலை;
அதில் இன்னமும் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன.
கடல் எதையும் வைத்துக்கொள்வதில்லை.
தாமதிக்கும், அவ்வளவுதான்.

என்னுடையது பிப்ரவரியில் மேலே வரும்.
பனிக்காற்று, வின்ச், என் வாயில் சாராயம்.
நிறுத்து என்று ஹானுஸ் கத்தியது
எனக்குக் கேட்டது. அதுதான் விஷயம்.
கேட்டது. கேட்டுவிட்டு,
எந்த நெம்புகோல் என்று யோசித்தேன்.
அந்த யோசனையின் நீளம் ஒரு வலது கை,
மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே.

உறைபனி காரணம் என்று அறிக்கையில் எழுதினார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.
எனக்குக் கை இருந்தது, போட்டேன்.

மூன்றாம் வருடம் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.
பலகையில் அறைந்த ஆணியில் உருளைக்கிழங்கைக் குத்தி
இடது கையால் உரித்துக்கொண்டிருந்தான்.
தெரியும், என்றான். அந்த நாற்றம் எனக்கும்தானே அடித்தது.
மன்னிச்சாச்சு. உட்கார், சாப்பிடு.
நான் உட்காரவில்லை.
கம்பெனிக்கு எழுதினேன். அறிக்கை திருத்தப்பட்டது.
வேலை போனது. போதவில்லை.
கர்த்தரிடம் ராத்திரிதோறும் கேட்டேன்,
வட்டி கட்டுகிறவன் மாதிரி,
முதல் எவ்வளவு என்று ஒருநாளும் பார்க்காமல்.

ஞாயிறு வந்தால் கடைசி பெஞ்ச்.
ஒரே ரொட்டி, முழு ரொட்டி, கைமாறி வரும்;
அவரவர் பிட்டுக்கொள்வார்கள்.
என்னிடம் வந்ததும் அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன்.
பதினோரு வருடம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அன்றைக்கு மூடுபனி. ஹானுஸ் பிந்தி வந்தான்.
அவன் மனைவி சுன்னிவா
மகளின் பிரசவத்துக்குத் தலைநகர் போயிருந்தாள்.
முன்னால் இடமிருந்தும் என் பக்கத்தில் உட்கார்ந்தான்,
ஈரக் கம்பளி வாசத்தோடு.
ரொட்டி வந்தது. வழக்கம்போலத் தள்ளினேன்.
அவன் வாங்கவில்லை.

ஒரு கையால் எப்படிடா பிய்ப்பேன்?
சுன்னிவாதான் பிடித்துக்கொள்வாள். நீ பிடி.

பிடித்தேன்.

கெட்டியாகப் பிடி.

மேல்தோடு உடைகிற சத்தம்.
அவன் பிட்டது பெரிய துண்டு, பேராசைத் துண்டு.
மடியில் வைத்து இரண்டாக்கி
ஒன்றை என் உள்ளங்கையில் அழுத்தினான்.
இன்னும் எதற்கு, என்றான்.
கேள்வி போலவும் இல்லை.

கை முளைக்கவில்லை.
ஊக்கு குத்தி மடித்த அந்தச் சட்டைக்கை
என் முழங்கையில் உரசியபடிதான் இருந்தது.
ஆனால் மென்று விழுங்குவதற்குள் தெரிந்துவிட்டது,
ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே
ஆணியேறிய கைகள் தீர்த்துவைத்த கடனுக்கு
இத்தனை வருடம் நான் வட்டி கட்டியிருக்கிறேன்.

எர்லெண்டுருக்குக் கடல் தெரியாது.
இருந்தாலும், எறிந்தவர் எறிந்ததோடு சரி.
அவரிடம் வலை இல்லை.
பிப்ரவரிதோறும் இறக்கி இழுத்தது
நான்தான்.

கூட்டம் முடிந்து வாசலில்,
கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடேன், என்றான் ஹானுஸ்.
குளிரில் விரல் மரத்திருந்தது.
இரண்டு தரம் நழுவி, மூன்றாம் தரம் மாட்டியது.