இறக்கு, மாற்று, ஏற்று

மணம் முறிந்தபோது
வீட்டை அவன் எடுத்துக்கொண்டான்,
அடுப்பையும் நாயையும் நான்.
படகைப் பிரிக்கத்தான் வழியில்லை.
பதினெட்டடி டோர்னா.
கம்பாடோஸ் வழக்கறிஞர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
அணியம் யாருக்கு, பின்பாதி யாருக்கு?

அதனால்தான் ஆகஸ்டு ஞாயிறுகளில்
ஊஷியோவும் நானும்
ஒரே படகில், எதிரெதிராக.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஒற்றைப் பாய், நாற்கோணம்.
ஒரு குட்டை மரம், ஒரு பருமல்,
ஏற்ற ஓர் ஆஞ்சான், இழுக்க ஒரு தாமான்.
நங்கூரம்கூடக் கல்தான்.
மரம் குட்டை என்பதால்
எங்களைக் கவிழ்க்கக் காற்று இரண்டு முறை யோசிக்கும்.
பருமல் முறிந்தால் துடுப்பை வைத்துக் கட்டலாம்.
கட்டியிருக்கிறோம்,
ஓன்ஸ் தீவுக்கு வெளியே, ஒரு மழையில்,
அப்போது எங்களுக்கு ஒரே குடும்பப் பெயர்ப்பலகை.

குறையும் உண்டு, மறைக்கவில்லை.
ஒவ்வொரு திருப்பத்திலும்
பாயை இறக்கி,
பருமலை மரத்துக்கு மறுபக்கம் கடத்தி,
மறுபடி ஏற்றியாக வேண்டும்.
சுக்கானில் ஒருத்தி, ஆஞ்சானில் ஒருவன்.
தனியாளாகச் செய்வேன் என்றவர்கள் உண்டு;
துறைமுகச் சுவரில் அவர்களின் சாயம் இன்னும் இருக்கிறது.

கரையில் நாங்கள் பேசுவதில்லை.
கடலில் மூன்றே சொல்:
இறக்கு. மாற்று. ஏற்று.

சல்வோராவுக்குப் போகையில் காற்று முதுகில்.
சொல்லே தேவைப்படவில்லை.
அவன் மத்தி டப்பாவைத் திறந்தான்,
எண்ணெயை என் பக்கம் சாய்த்தான்.

திரும்புகையில் வடகிழக்கு நேர் முகத்தில்.
சிப்பி வளர்க்கும் மிதவைகள் வரிசை வரிசையாய்,
நடுவே குறுக்கும் நெடுக்குமாய் நாங்கள்.
ஒரு வெள்ளைப் படகு கடந்து போனது.
அதிலிருந்தவர் பொத்தானை அழுத்தினார்,
பாய் சுருண்டு உள்ளே போயிற்று.
அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஊஷியோ
சட்டைக்குள்ளிருந்து ஒரு விலைப்பட்டியலை எடுத்தான்.
முக்கோணப் பாய், அலுமினிய மரம்.
"ஒரு ஆள் போதும், சபேலா.
ஒரு ஞாயிறு உனக்கு, ஒரு ஞாயிறு எனக்கு.
பாதிப் பணம் நான் தருகிறேன்."

பல் கட்டுவது என் தொழில்.
மேல்வரிசையும் கீழ்வரிசையும்
ஒன்றையொன்று விரும்பியா மெல்லுகின்றன?
பொருந்தினால் போதும் அவற்றுக்கு.
இதைச் சொல்லியிருக்கலாம்.
முன்னால் மிதவை, முப்பது முழத்தில்,
கயிறுகளில் தொங்கும் சிப்பிகளின் வாடை.

"இறக்கு" என்றேன்.

ஆஞ்சானுக்கு இரண்டு கையும் வேண்டும்.
பட்டியல் அடித்தட்டில் விழுந்தது.
பாய் அவன் தலையை மூடி இறங்கியது,
உள்ளிருந்து ஏதோ கெட்ட வார்த்தை,
பருமல் மறுபக்கம் போனது,
ஏறியது,
படகு ஒரு கணம் யோசித்து
காற்றைக் கவ்விக்கொண்டது.
அலுமினிய மரங்கள்
எங்கள் கால்களுக்கிடையே நனைந்து மிதந்தன.
நான் தண்ணீர் இறைத்தேன். அவற்றை இறைக்கவில்லை.

கம்பாடோஸில் கயிறு கட்டும்போது
"பதினெட்டு திருப்பம்" என்றான் அவன்.
கரையில், பேசாத கரையில்.
"பத்தொன்பது" என்றேன்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்,
மறுபடி எண்ணினான்.
கையில் பட்டியல் இருந்தபோது வந்த அந்த ஒன்று
அவன் கணக்கில் வரவில்லை.