செப்புச் சல்பேற்று

அட்டையில் நாற்பத்தாறு நிறங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குஞ்சம் மயிர்
கழற்றிய பொம்மையினதைப் போல.
ஜெனிற்றா விரல் வைத்த இடமெல்லாம் பழுப்பு.
"உங்கட வயசுக்கு இதுதான் அக்கா,
வேலைக்கும் போறீங்கள்தானே."
நான் கைப்பைக்குள் இருந்து
சோதனைக் குழாய் ஒன்றை எடுத்தேன்.
பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் களவெடுத்தது.
அடியில் மூன்று பளிங்குகள்.
இந்த நிறம், என்றேன்.

பத்தொன்பது வருடமாக அந்தப் போத்தலைத்
திறந்து மூடுகிறவள் நான்.
புதிதாய் வரும் வகுப்பு ஒவ்வொன்றும்
அதைக் கண்டு "ஆ" என்று வாய் திறக்கும்.
நான் மேசை துடைப்பேன்.

முதலில் இருக்கிற நிறத்தைக் கழற்றவேண்டுமாம்.
உச்சி எரிந்தது.
ஒரு மணித்தியாலம்
வைக்கோல் தலையோடு கண்ணாடிக்குள் ஒருத்தி
பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள்.
அவளோடு பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

வெளியே வந்தபோது
முதலில் பார்த்தது மான்.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்து
பழக்கடைக் குப்பையில் நின்றது.
நிமிர்ந்தது, மென்றது, திரும்பக் குனிந்தது.
அவ்வளவு மரியாதையாக அதன்பிறகு
ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

ஓட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பினார்.
மீன் வெட்டும் நசூர்தீன்,
"கிளிமீனுக்கு இனிக் கடலுக்குப் போகத் தேவையில்லை டீச்சர்" என்றார்.
நான் டீச்சரில்லை. திருத்தவில்லை.
சீனக்குடாவுக்கு அங்கால் பஸ்ஸை மறித்த பையன்
அடையாள அட்டையையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தான்.
அட்டையில் பதினேழு வயது, இரட்டைப் பின்னல்.
கறுப்பு வெள்ளைப் படம் தம்பி, என்றேன்,
அதில் நீலம் இருந்தாலும் தெரியாது.
அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் சிரித்தான்.
அந்தப் பின்னல்காரி
எந்த மறியலிலும் கண்ணில் படாமலிருக்கவே
ஒவ்வொரு காலையும் தலை வாரினாள்.

அதிபர் கூப்பிட்டார்.
சுற்றறிக்கைக் கோவையைப் புரட்டினார்.
மாணவிகளின் ரிபனுக்கு விதி இருந்தது,
ஆசிரியைகளின் சேலைக்கு இருந்தது,
ஆய்வுகூட உதவியாளரின் தலைமயிருக்கு
ஒரு வரியும் இல்லை.
"எண்டாலும் பிள்ளை, சாயம் பூசிக்கொண்டு..."
மீசையைத் தடவினார்.
அதன் கறுப்பு எந்தப் பெட்டியில் வருகிறதென்று
எனக்குத் தெரியும்.
ஏழு வருடம் நானும் அதே பெட்டிதான்.
அதை ஒருவரும் சாயம் என்று சொன்னதில்லை.

தலையணை உறை நீலம்.
காதுமடல் நீலம். குளியலறைச் சீமெந்தில்
துடைத்தாலும் போகாத ஒரு நீல ஆறு.
உப்புவெளிக் கடலில் ஒருநாள் முங்கி எழும்பினேன்,
பாசி நிறம்.
கன்னியாக் கிணற்றின் சுடுதண்ணி
நாலாவது வாளியிலேயே
பாதியைக் கொண்டுபோனது.
சுகந்தமலர் மாமியின் செத்தவீட்டுக்கு
முந்தானையால் மூடிக்கொண்டு போனேன்.
படலையில் காற்று அதை எடுத்துவிட்டது.
ஒப்பாரி ஒரு மூச்சு நின்றது,
பிறகு தொடர்ந்தது.

நேற்றுச் செய்கை வகுப்பு.
பன்சன் சுடரடுப்பில் பளிங்கைச் சூடாக்க
நீலம் கழன்று வெள்ளைத் தூளாகும்.
ஒரு துளி தண்ணீர் விட
நீலம் திரும்பி ஓடி வரும்.
சஹ்ரின் கையை உயர்த்தினாள்:
"மிஸ், உங்கட தலைக்குத் தண்ணி பட்டால்
போகுதே, ஏன் வரேல்லை?"
வகுப்பு சிரித்தது. நானும்தான்.
அது வேறு சேர்வை, என்றேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன்.
வகிட்டில் அரை அங்குலம்
கறுப்பு முளைக்கவில்லை.
சூடாக்கிய தூளின் அதே வெள்ளை.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
ஜெனிற்றாவுக்குக் கோல் எடுத்தேன்:
இந்தமுறை வெளுக்கத் தேவையில்லை,
அந்தக் காசைக் கழித்துக்கொள்.