நான்காவது பெயர்

சர்வீஸ் புத்தகத்தில் மூன்று பெயர்கள்.
நான்காவதாக என் பெயரை எழுதும் முன்
மூன்று பேருக்கும் போன் போட்டேன்.

கார் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்.
நாலு கதவு வைத்த டப்பா,
பதினாறு வருஷக் கடல்வெயிலில்
வெளுத்துப்போன தக்காளி நிறம்.
ஜெனோவாவில் இதைவிடப் பெரிய வண்டி வாங்குகிறவனுக்கு
நிறுத்த இடம் தேடவே
தனியாக ஓர் ஆயுள் வேண்டும்.

முதல் பெயர், தெல்ஃபினா பரோதி.
"கைவிடுமா?" என்றுதான் கேட்டேன்.
"பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை" என்றாள்.
பிறகு, நான் கேட்காமலே,
அந்த ஒரு தடவையைச் சொன்னாள்.

பிப்ரவரி. விடியாத ஐந்து மணி.
பின்சீட்டில் இரண்டு பெட்டி, தூங்குகிற மகன்.
புருஷன் கண்விழிப்பதற்குள்
ஊரைத் தாண்டிவிட வேண்டும்.
சாவியைத் திருப்பினால்
டிக், டிக், டிக்.
பெட்டிகளைத் திரும்ப நான்கு மாடி தூக்கிப் போய்
காப்பி போட்டாளாம்.

"அப்புறம்?"
"அப்புறம் என்ன, புது பேட்டரி.
அவர்தான் மாற்றினார்.
இப்போது இருக்கிற வண்டிக்கும் அவர்தான் மாற்றுகிறார்."

நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
புத்தகத்தைப் புரட்டினேன்.
அந்த பிப்ரவரிக்கு நேரே
ஒரு முத்திரை, ஒரு தொகை,
யாரோ ஒருவரின் கிறுக்கல் கையெழுத்து.

இரண்டாமவர் இவானோ திராவெர்சோ,
மராஸ்ஸியில் ரொட்டிக்கடை.
வாயைத் திறந்தால் மூட மாட்டார்.
"கிளட்ச் மூணு மாத்தினேன். மூணு!
ரேடியேட்டர் ஒண்ணு.
மழை பேஞ்சா டிக்கியில தண்ணி நிக்கும், மீன் வளர்க்கலாம்.
பின்னாடி இடதுபக்கக் கண்ணாடி தானா இறங்கும்,
ஒயின் கார்க் செருகியிருக்கேன்,
தயவுசெஞ்சு எடுத்துடாதே!"

அப்படியானால் மோசமான வண்டிதானே என்றேன்.
மறுமுனையில் அடுப்புக் கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது.
"யார் மோசம்னு சொன்னது?
இந்த ஊர் ஏத்தத்துக்கு எவன் கிளட்ச் தாங்கும்?
என் மச்சானைவிட நம்பலாம்!"

மூன்றாவது பெயர் அந்த மச்சான்.

ருஜ்ஜேரோ சுருக்கமான ஆள்.
"ஒரு வருஷம். ஒரு பழுதும் இல்லை."
"கார்க்?"
நீண்ட மௌனம்.
"குப்பை என்று நினைத்து முதல் நாளே பிடுங்கிவிட்டேன்.
கண்ணாடி கதவுக்குள் போனது,
மழை சீட்டுக்குள் போனது.
அவனும் நானும் பேசுவதில்லை.
வண்டி பிரமாதம்."

நான் பூட்டுத் திறக்கிறவள்.
சாவியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள்
நள்ளிரவில் என்னைத்தான் அழைப்பார்கள்.
பனியனோடு படியில் நிற்கிற மனிதனிடம்
என் வண்டி கிளம்பவில்லை என்று
சொல்ல முடியாது.

ஒரேஜினா ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன்.
பாதி மேட்டில் அணைந்தது.
பின்னால் ஏழெட்டு ஹாரன்,
எல்லாருக்கும் என் அம்மாவைத் தெரிந்திருந்தது.
ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூச்சை விட்டு,
மறுபடி திருப்பினேன்.
ஒரு தும்மல். கிளம்பியது.
ஏசித் துவாரத்திலிருந்து
மைதா மணம்.
இடதுபக்கக் கண்ணாடியில்
கார்க் இருந்த இடத்தில்
துணி உலர்த்தும் மரக்கிளிப் ஒன்று
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

வாங்கிவிட்டேன்.

பெட்ரோலுக்கும் முன்னால்
பேட்டரிக்கு உயிர் கடன் கொடுக்கும் கேபிள் ஒரு ஜோடி,
சிவப்பும் கறுப்பும்,
முன்சீட்டுக்கு அடியில், கை எட்டும் தூரத்தில்.

தெல்ஃபினாவின் நம்பரை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.
என்ன பேசுவேன் என்று தெரியாது, பேசப் போவதும் இல்லை.
ஆனால் அவள் தெரு
நான் வீடு திரும்பும் வழியில்தான் இருக்கிறது.
வேலை முடித்து நான் அந்தப் பக்கம் வரும்போது
பெரும்பாலும்
விடியாத ஐந்து மணி.