நூற்றுப் பதினேழாம் படிவம்

மக்கூர்டியில் மின்சாரம் போனால்
ஜெனரேட்டருக்கு யாராவது டீசல் ஊற்றும்வரை
கணினி கண்மூடிக் கிடக்கும்.
அப்போதுதான் படிவங்களைப் படிக்கிறேன்.
மற்ற நேரமெல்லாம் தட்டுவதோடு சரி.

பதினோராம் கேள்வி:
சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் உறுதியாக உண்டா?
ஒன்று என்றால் அறவே இல்லை,
ஐந்து என்றால் அடித்துச் சொல்கிறேன்.
பாடம் தொடங்குமுன் ஒரு தடவை,
முடிந்தபின் ஒரு தடவை.
எண்ணத்தை நான் எண்ணாக்கித் தந்தால்
பேராசிரியர் ஒச்சேஃபு கோடாக்குவார்.
கோடு மேலே ஏற வேண்டும்.
ஏறினால் அடுத்த ஆண்டும் நிதி வரும்,
என் மூன்று மாதச் சம்பளப் பாக்கியும்.

தொழில்முனைவுப் பாடம் எல்லோருக்கும் கட்டாயம்,
விலங்கியலுக்கும் வரலாற்றுக்கும்.
அறுநூறு பேர், ஒரே கூடம்,
கரகரக்கும் மைக்கில் துணிவு பற்றிய உரை.
செய்முறைக்குத் திரவ சோப்பு:
நீல வாளி, மரத்துடுப்பு, எலுமிச்சை வாசனை.
துடுப்பைத் தொட முண்டியடித்து
முக்கால்வாசிப் பேர் வாசனையோடு திரும்பினார்கள்.

நூற்றுப் பதினேழாம் படிவம்.
பெயர் எழுதாதே என்று அச்சிட்டிருந்தும்
காஷிமானா என்று எழுதியிருக்கிறாள்.
ஜனவரியில் ஐந்து,
பேனா அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது.
ஜூனில் இரண்டு.
அந்த இரண்டின் ஓரம் முழுக்க
பொடி எழுத்தில் கணக்கு:
காஸ்டிக் சோடா, நிறமி, புட்டி அறுபது,
மோட்டார்சைக்கிள் கூலி போக வர.
விற்றது நாற்பத்தொன்று.
காசு வந்தது ஒன்பதுக்கு.
விடுதி அறை எண்கள் வரிசையாக,
பதினான்கு மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டு.
கடைசியில், கேட்காத கேள்விக்குப் பதிலாக:
புட்டி சிறிதாக இருந்திருக்கலாம்.

நூற்றுப் பதினெட்டு, ஒரு பையன்.
மேலிருந்து கீழ்வரை ஐந்து, ஐந்து, ஐந்து,
தூக்குக்குண்டு விட்டதுபோல் நேராக.
கேள்வியைப் படித்த அடையாளம் இல்லை.
கோட்டை ஏற்றுபவன் அவன்தான்.

ஐந்திலிருந்து இரண்டா? கைதவறியிருக்கும்,
நீக்கிவிடு என்றார் ஒச்சேஃபு.
சரி என்றேன்.
நீக்கவில்லை.
ஓரத்துக் கணக்கை ஏற்ற மட்டும்
என் அட்டவணையில் கட்டம் இல்லை.

போன வெள்ளி வடக்கு வாசலில்
குடைக்குக் கீழ் ஒரு பெண்.
உள்ளங்கையில் அடங்கும் புட்டிகள், எலுமிச்சை வாசனை.
நூற்றுப் பதினேழா என்று கேட்கவில்லை.
ஒன்றை எடுத்துக்கொண்டு
திங்கட்கிழமை தருகிறேன் என்றேன்.
சிரித்தாள்.
சிரித்தபடியே
புட்டியை என் கையிலிருந்து வாங்கி
இருந்த இடத்தில் வைத்தாள்.