புள்ளி எம்

இரவு பதினொன்றரை. உட்துறைமுக வீதி.
மேல்மாடியில் நான், கீழே பேக்கரி பூட்டியாயிற்று.
வற்றுப்பெருக்கு அட்டவணை விடிய ஐந்துக்குள்
கொட்பே படகுகளுக்குப் போகவேண்டும்.
அரை மீற்றர்தான் ஏறி இறங்கும் எங்கள் கடல்,
அதற்குமா அட்டவணை என்று சம்மாட்டி சிரிப்பார்.
சிரித்துக்கொண்டே
தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்.

கோப்பைத் திறந்தேன்.
நிறமெல்லாம் பிழை.

இம்தியாஸ் எழுதியது. இப்போது தோஹாவில் இருக்கிறான்.
ஒவ்வொரு கணக்கின் தலையிலும்
சதவீதக்குறி போட்டு ஒரு குறிப்பு வைப்பான், தமிழில்:
“நிலாவோடு சேர்த்துப் பார், தனியே நம்பாதே.”
“இந்த எண்ணில் கைவைத்தால் உன்னோடு கதைக்கமாட்டேன்.”
குறிப்பென்றால் சாம்பல் நிறத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும்.
இன்று கட்டளை மாதிரிப் பளிச்சிடுகிறது,
அடியில் சிவப்பு நெளிவரி.
அணியைத் திருப்பிப்போட அவன் வைத்த ஒற்றை மேற்கோளை,
யாரோ பேசத் தொடங்கிவிட்டதாக எண்ணி,
வரி முடியும்வரை செம்மஞ்சள் பூசியிருக்கிறது எடிட்டர்.

ஓடவிட்டால் ஓடுகிறது. கணக்கில் குறையில்லை.
பார்க்கிற கண்ணில்தான்.
பெயரின் முடிவில் ஒரு புள்ளி, அதன்பின் ஓர் எம்.
அந்த வாலைப் பார்த்தே
ஐபோனுக்கு எழுதும் மொழி என்று முடிவுகட்டிவிட்டது.
உள்ளே ஒரு வரி வாசிக்கவில்லை.
தமிழில் புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகும்.
இங்கே புள்ளிக்குப் பின்னால் வருவதை நம்பினால்
பொய்.

எனக்கு இது புதிதில்லை.
ஷெரின் ரொசைரோ.
வங்கியில் பெயரின் கடைசியைப் பார்த்துவிட்டு
ஆங்கிலத்தில் தொடங்குவார்கள்.
ரொசைரோ வீட்டில் என்ன பாஷை என்று
அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது.
“தமிழிலேயே சொல்லுங்கோ தங்கச்சி” என்பேன்.
அந்தப் பிள்ளையின் நெற்றியில்
அதே நெளிவரி.

அமைப்புகளுக்குள் போய் ஒரு வரி எழுதினேன்:
புள்ளி எம் என்று முடிவதெல்லாம் இனி ஒக்டேவ்.
சேமித்ததும் குறிப்புகள் சாம்பலுக்குத் திரும்பின.
வற்றில் தலைகாட்டும் கற்களாய்
எண்கள் தனித்தனியே தெரிந்தன.
தேத்தண்ணி போட்டேன், ஒரு கரண்டி சீனி கூட.

வந்து பார்த்தால்
பக்கத்துக் கோப்புறை அலங்கோலம்.
கோபிராஜின் திமிங்கிலச் செயலி.
உப்புவெளியில் படகேறும் பயணிகளுக்காக
உண்மையாகவே ஐபோனுக்கு எழுதியது.
அதற்கும் வால் புள்ளி எம்.
ஒன்றை நிமிர்த்தப்போய் மற்றதைக் கவிழ்த்திருக்கிறேன்,
அதே வாலைப் பிடித்து,
‘எல்லாம்’ என்ற ஒரு சொல்லால்.

அழித்தேன்.
நீர்மட்டக் கோப்புறைக்குள் மட்டும்
சின்னதாய் ஓர் அமைப்புக் கோப்பு வைத்தேன்:
இங்கே, இந்த வாசலுக்குள், இப்படி.
வெளியே போனால் மற்றவர் பாடு.

ஒன்றரை மணி. அச்சு இயந்திரம் இரைகிறது.
பேக்கரி வாசலில் ஒரு மாடு
பாண் சுற்றிய கடதாசியை மெல்லுகிறது.
தலை நிமிர்த்தி விளக்கடிக்கு நகர்ந்தது.
முதுகு முழுக்கப் புள்ளி.
இந்த ஊரிலேயே பிறந்தவள்,
மானை மாடென்று நினைத்திருக்கிறேன்.

தோஹாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
“உன்ர எண்ணில கைவைக்கேல்ல.”
உடனே வந்தது பதில்:
“அப்ப கதைக்கலாம்.”