யாரும் எண்ணாத அட்டவணை

உலான்பத்தாரில் வெப்பம் குழாயில் வருகிறது.
ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநான்கு.
வெப்ப வாரியத்தின் மூன்றாம் மாடியில்
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறாள் நொமுன்தாரி.
விடிவதற்குள் பழைய தரவுத்தளத்தைப்
புது இயந்திரத்துக்குக் குடிபெயர்க்க வேண்டும்.
கழிக்க வேண்டியவை என்று சோக்த்பாயர் அனுப்பிய பட்டியலில்
பதினேழாவது: எக்ஸ்_07.
எதிரே குறிப்பு: வரிசைகள் சுழியம்.

அகராதியைக் கேட்டாள்.
என் பெயரில் உள்ளவற்றைக் காட்டு.
அதில் இல்லை.
நான் பார்க்க உரிமையுள்ளவற்றைக் காட்டு.
அதிலும் இல்லை.
"கிடையாது" என்று அது சொல்வதில்லை,
வரிசை ஏதும் தேர்வாகவில்லை என்று முனகிவிட்டு
அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும்.
உனக்கில்லை என்பதற்கும்
இல்லவே இல்லை என்பதற்கும்
அதனிடம் ஒரே முகம்.

தூக்கக் கலக்கத்தில் சோக்த்பாயர்
தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்
எல்லாவற்றையும் பார்க்கும் கடவுச்சொல்லை.
எல்லாவற்றையும் பார்த்தாள். அப்போதும் இல்லை.

சின்ன எழுத்தில் தேடியிருக்கிறாள்.
அங்கே பெயர்கள் பெரிய எழுத்தில் வசிக்கின்றன,
சின்ன எழுத்தில் கூப்பிட்டால் திரும்புவதில்லை.
(நம் எழுத்தில் அந்தப் பெரிது சிறிது இல்லை.
இதை எழுதும்போதுதான் அதற்காகச் சந்தோஷப்பட்டேன்.)

கிடைத்தது.
வரிசைகளின் எண்ணிக்கை: வெற்றிடம்.
கடைசியாக அலசிய நாள்: வெற்றிடம்.
வெற்றிடத்தைச் சுழியம் என்று வாசித்திருக்கிறார் யாரோ.
சுழியம் எண்ணிப் பார்த்தவன் சொல்வது.
வெற்றிடம், எண்ண ஒருவரும் வரவில்லை என்பது.

அகராதியில் இன்னொரு சன்னல்,
எது எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்று காட்டுவது.
எக்ஸ்_07 மேல் ஒரே ஒரு நிரல்.
பாக்கி வைத்த வீடுகளில்
வால்வை மூடச் சொல்லும் நிரல்.

அவளுடைய உப்புப் பால் தேநீரில் ஆடை கட்டிவிட்டது.

நெடுவரிசைகளுக்கு எழுதிய குறிப்புகளைத் திறந்தாள்.
பெரும்பாலும் காலி. யாருக்கு நேரம்?
கே3 என்ற ஒன்றின் எதிரே மட்டும்:
"1 என்றால் வீட்டில் கைக்குழந்தை.
பாக்கி எவ்வளவானாலும் குளிர்காலத்தில் மூடாதே."

பொருள்களுக்குப் பொருள் சொல்லவே அகராதி.
பொருள் அங்கேயே இருந்திருக்கிறது,
கேட்கத்தான் யாரும் இல்லை.

எண்ணினாள்.
இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு வீடுகள்,
கே3-இல் ஒன்று போட்டவை நானூற்று மூன்று.
பதினேழாவது வரியை அடித்தாள்.
சோக்த்பாயருக்கு எழுதினாள்: "இது போகாது. காலையில் சொல்கிறேன்."

பிறகு அந்தக் குறிப்பை எழுதியது யார் என்று தேடினாள்.
எப்போது உருவானது, எந்தப் பயனரின் கீழ், எத்தனை பைட்டுகள்,
எல்லாம் வைத்திருக்கிறது அகராதி.
குறிப்பு எழுதியவர் பெயருக்கு மட்டும்
நெடுவரிசையே இல்லை.

அட்டவணைக்குக் குறிப்பு எழுதும் இடம் காலியாக இருந்தது.
"நீக்காதே. கே3-ஐப் படி" என்று எழுதினாள்,
பழக்கத்தில் கடைசியில் தன் பெயரைத் தட்டி,
அழித்தாள்.