கால்

ஜூலையில் இறக்கிய பெங்களூரா
கூழாகி, டின்னாகி, கப்பலேறி
பணமாகத் திரும்பிவிட்டது.
மாதேசனின் பாக்கி மட்டும்
பர்கூர் ரோட்டு ஆலையில், என் பேரேட்டில்,
நாற்பத்தேழாம் பக்கத்தில்.

"இன்னும் பணம் வரலன்னு சொல்லும்மா"
என்பார் முதலாளி திம்மராயன்.
சொன்னேன்.
பணம் உண்டியலில் இருந்தது.
கோயில் உண்டியல் இல்லை, கருவூல உண்டியல்;
தொண்ணூற்றெட்டு ரூபாய் நாற்பது காசு போட்டால்
தொண்ணூற்றொரு நாளில் நூறாக வரும்.
கணினியில் வாங்கியது நான்தான்.
அழுத்திய விரல் இது.

கேட்டுக்கு வெளியே எக்ஸெல்லைச் சாய்த்து
பீடியை அணைத்து உள்ளே வருவார்.
அரசாங்கத்துக்கே கடன் கொடுத்திருப்பது தெரியாமல்
பஸ்ஸுக்கு நேரமானவர் போலத்
திரும்பிப் போவார்.

அக்டோபரில் வட்டியைக் கால் குறைத்தார்கள்.
டிசம்பரில் இன்னொரு கால்.
அதே நூறுக்கு இப்போது
பதின்மூன்று காசு கூடக் கேட்டது சந்தை.
முதலாளி கால்குலேட்டரைத் தள்ளிவைத்தார்.
"இதுல இனி என்ன இருக்கு,
அந்தாளுக்குக் குடுத்துத் தொலை."

மறுநாள் என் மேசைமேல்
ஒரு பை பனி அவரை.
"நீங்க எடுத்துச் சொல்லித்தான் குடுத்தாரு,
எனக்குத் தெரியும்மா."
கும்பிட்டார்.

மும்பையில் யாரோ ஆறு பேர்
கை தூக்கியதை
அவருக்கு எப்படிச் சொல்ல?
வாயைத் திறந்தேன். பிறகு
"நல்ல காய்" என்றேன்.

சாயங்காலம் உரித்தேன்.
இரண்டு தடவை சோப்பு போட்டும்
போகவில்லை
விரலில் அந்த வாசம்.